இரவல் கட்டைவிரல்

என் பெயர் ஹஸ்முக். எங்கள் குஜராத்தியில் சிரித்த முகத்தான் என்று பொருள். பெயர் வைத்த பெரியப்பா, என் வகுப்புத் தோழி உனாய்சி எலும்புப் பையில் கைவிட்ட அன்று என் முகத்தைப் பார்த்திருந்தால் வேறு பெயர் யோசித்திருப்பார்.

எலும்புப் பை எங்கள் ஆசிரியை டாக்டர் ஃபோனுவாவின் ஏற்பாடு. அந்த அம்மாள் டோங்காக்காரி. கதவை முதுகால் தள்ளித் திறந்துகொண்டு வருகிற உருவம், கோயில் மணி மாதிரிக் குரல். ஃபிஜித் தலைநகர் சுவாவில் பிசியோதெரபி படித்த எங்கள் ஆறு பேருக்கும் செவ்வாய்க்கிழமை என்றாலே பயம், அன்றுதான் பை வரும். மாவுச் சாக்கில் தைத்த பை. உள்ளே மனித எலும்புகள். பார்க்காமல் கையை விட்டு ஒன்றைப் பிடித்து அதன் பெயரைச் சொல்ல வேண்டும். இடப்பக்கத்ததா வலப்பக்கத்ததா என்பதையும் சொல்ல வேண்டும்.

எனக்குப் பயமில்லை. நான் ஜவுளிக்கடையில் வளர்ந்தவன். ஏழு வயதில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு துணியை நெருடிப் பார்த்தே, இது அசல் பருத்தி, இது கலப்படம், இது கலப்படத்தை அசல் என்று சொல்லி விற்கிற துணி என்று பிரித்துச் சொல்வேன். மொத்த வியாபாரிகள் வந்தால் அப்பா என்னைக் கூப்பிட்டு, "என் தராசு வந்துட்டான், இப்பச் சொல்லுங்க" என்பார். அந்த விரல்களோடு பைக்குள் போனேன். ஒரு சின்ன எலும்பு சிக்கியது. ஒரு பக்கம் குழிவு, ஒரு பக்கம் கூன்.

"மணிக்கட்டு எலும்பு எட்டுல ஒண்ணு. படகெலும்பு. வலது."

"படகு சரி," என்றார் டாக்டர். "துடுப்பை மாத்திப் போடுற. இடது. அடுத்து யாரு? உனாய்சி, வா."

உனாய்சி சூயிங்கம் மென்றபடி வந்தாள். கையை விட்டாள். சன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பட்டாணி எலும்பு, வலது. இது படகு, இடது. இதுவும் படகு, ஆனா வேற ஆளோடது, ஓரம் தேஞ்சிருக்கு, வயசானவர். இது எலும்பே இல்ல டாக்டர், யாரோ பேரீச்சங்கொட்டையப் போட்டிருக்காங்க."

வகுப்பே சிரித்தது. கொட்டையைப் போட்டது நான்தான்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு. அதைப் பொறாமை என்று ஒத்துக்கொள்ள ஒரு மாதமாயிற்று. அதுவரை நெஞ்செரிச்சல் என்று நினைத்து மாத்திரை விழுங்கினேன். மதியம் அவளிடம் போய், விலை கேட்கிற பாவனையில் கேட்டேன். "எங்க கத்துக்கிட்ட, மராமா?" அந்த ஊரில் சீமாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் கொஞ்சம் உப்புப் போட்டுக் கூப்பிட்டேன்.

"புத்தகத்துல."

"அது எல்லாரும்தான் படிக்கிறோம். விரலுக்கு எங்க கத்துக்கிட்ட? உங்கப்பா கசாப்புக்கடையா? வைத்தியரா?"

"தபாலாபீஸ். நீ என்ன கடைக்காரரே, சரக்கு எங்க எடுத்தேன்னு துருவுற?"

ரகசியம் இருந்தால் விலை பேசி வாங்கலாம், இல்லாவிட்டால் திருடலாம். ரகசியமே இல்லாதவளை என்ன செய்வது?

எலும்போடு போயிருந்தால் பரவாயில்லை. தசையிலும் அவள்தான், தசையை எலும்போடு பிணைக்கிற நாணிலும் அவள்தான், எலும்பை எலும்போடு கட்டுகிற நாரிலும் அவள்தான். மூன்றையும் ஃபிஜியன் மொழியில் சொல்லும்போது எங்களுக்கெல்லாம் நாக்குக் குழறும். ஏனென்றால் அங்கே தசைக்கும் நாணுக்கும் ரத்தக்குழாய்க்கும் சேர்த்து ஒரே வார்த்தைதான்: உவா. கடலில் எழும் அலைக்கும் அதே உவாதான். நோயாளி வந்து "என் உவா போச்சு" என்றால் காலில் என்ன போயிற்று என்று கண்டுபிடிப்பது நம் தலைவிதி. உனாய்சி நாலு கேள்வி கேட்பாள், ஆளை அப்படித் திருப்பி இப்படித் திருப்புவாள், ஒரு விரலை வைப்பாள். "இங்கயா?" என்பாள். ஆள் அலறுவான். எனக்கும் அந்த இடத்திலேயே வலிக்கும்.

இப்படி இருக்கையில் ஒரு ரக்பி கிளப், மூன்று மாதச் சுற்றுப்பயணத்துக்கு ஒரு மாணவ உதவியாளர் வேண்டும் என்று கேட்டது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, அப்புறம் ஜப்பான். ஒரே ஓர் இடம். அந்த நாட்டில் ரக்பி அணியோடு விமானம் ஏறுவது என்றால் சாமியோடு தேரில் ஏறுகிற மாதிரி. ஜவுளிக்கடைப் பையனை அந்தத் தேரில் யாரும் பார்த்ததில்லை. நான் ஏறிக் காட்ட வேண்டும். அவள் ஏறக் கூடாது. இரண்டில் எது பெரிது என்று யாராவது அன்று கேட்டிருந்தால் பதில் சொல்லத் திணறியிருப்பேன்.

டாக்டர் தேர்வு வைத்தார். கிளப்பிலிருந்து அடிபட்ட ஆறு ஆட்டக்காரர்கள் வருவார்கள். ஆளுக்கு ஒருவர். தொட்டுப் பார்த்து எந்த எலும்பு, எந்தத் தசை, எந்தத் திசுவில் என்ன கோளாறு என்று சொல்ல வேண்டும். இருபது மதிப்பெண். கூடுதல் வாங்கியவருக்குப் பயணம்.

தேர்வன்று காலை ஆட்டக்காரர்கள் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். உனாய்சி வழக்கம்போல ஊர் கேட்கச் சிரித்துக்கொண்டு படியேறி வந்தாள். பாதிப் படியில் சிரிப்பு அறுந்தது. தலையைக் குனிந்தாள், திரும்பினாள், மழையில் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். பெஞ்சில் நாலாவதாக உட்கார்ந்திருந்த நெடியவனும் அதே நொடியில் தன் செருப்பை ஆராயத் தொடங்கினான்.

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்ன அண்ணே, கடன்காரியா?"

"சும்மா இருங்க," என்றான் கூச்சத்தோடு. பெயர் இசோவா. "தங்கச்சி முறை. எங்கப்பாவும் அவங்கப்பாவும் அண்ணன் தம்பி."

எனக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. எங்கள் கடைக்கு உனாய்சியின் தீவுக்காரர்கள் வருவார்கள். அண்ணன் ஒரு கல்லாவில் நிற்பான், தங்கை அடுத்த கல்லாவில். சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளும் அதில் சேர்த்தி. நேருக்கு நேர் பேச்சில்லை, தொடுவது கிடையவே கிடையாது. அது பகையல்ல, மரியாதை. தங்கைக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று அண்ணன் அப்பாவிடம் சொல்வான், அப்பா அவளிடம் கேட்பார், அவள் அப்பாவிடம் சொல்வாள். ஒரு கஜம் துணிக்கு முக்கால் மணி நேரம்.

உள்ளே போனேன். டாக்டர் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரு தாளை என்னிடம் நீட்டினார். "யாருக்கு எந்த ஆட்டக்காரர்னு பலகைல எழுது. உன் கையெழுத்துதான் கொஞ்சம் மனுஷக் கையெழுத்து."

தாளில் எனக்கு நாலாம் எண், அதாவது இசோவா. உனாய்சிக்கு இரண்டு.

பலகையில் எனக்கு இரண்டு. அவளுக்கு நாலு. சுண்ணாம்புக்கட்டி கீச்சென்று கூடச் சொல்லவில்லை. தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டேன்.

ஒவ்வொருவராக முடித்தோம். என் ஆள் ஒரு தடியன், முழங்கால் மூட்டுநார் இழுபட்டவன். எல்லாம் சொன்னேன், உள்ளே இருக்கிற குருத்தெலும்பை மட்டும் விட்டுவிட்டேன். "பதினேழு," என்றார் டாக்டர். மற்ற நால்வரும் பதினைந்தைத் தாண்டவில்லை. முடித்தவர்கள் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தோம். பெயர் வரிசையில் உனாய்சி கடைசி.

இசோவா உள்ளே வந்து மேசையில் குப்புறப் படுத்தான். அவள் பலகையைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"என்ன?" என்றார் டாக்டர். பிறகு இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். டோங்காக்காரிக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, அவர்கள் நாட்டிலும் அண்ணன் தங்கை என்றால் அப்படித்தான். கோயில் மணி மெல்ல ஒலித்தது. "முறையாம்மா?"

"ஆமா, டாக்டர்."

"வேற ஆள் மிச்சமில்லையே. மத்தவங்கள எல்லாம் பார்த்து அனுப்பியாச்சு. தொடாம விட்டா பாதி மார்க்குதான் போட முடியும்."

பெஞ்சில் என் உள்ளங்கை வியர்த்தது. ஆனந்த வியர்வை.

"தொடணும்னுதானே டாக்டர் சட்டம்? என் கையாலதான் தொடணும்னு இல்லையே. கையை இரவல் வாங்கிக்கலாமா?" என்றாள் உனாய்சி.

"யார் கைய?"

"கடைக்காரர் கைய. இந்த வகுப்புல ரெண்டாவது நல்ல கை அதுதான்."

ரெண்டாவது! பாராட்டைக்கூட கத்தரித்துக் கொடுக்கிறாள். டாக்டர் என்னைப் பார்த்தார். எழுந்து போனேன்.

அவள் மேசையின் கால்மாட்டில் மூன்றடி தள்ளி நின்றுகொண்டாள். மேசைக்கு வெளியே நீட்டியிருந்த இசோவாவின் பாதத்தைத் தவிர வேறு எங்கேயும் அவள் கண் போகவில்லை.

"எங்க வலின்னு கேளு."

"எங்க வலி?" என்றேன், அவள் கேட்டது அவன் காதுக்கு எட்டாத மாதிரி.

"வலியே இல்லன்னு சொல்லுங்க," என்றான் இசோவா மேசை விரிப்பைப் பார்த்து. "மூணு வாரம் முன்னாடி கெண்டைக்கால்ல உவா பிடிச்சுது. இப்ப சரியாயிடுச்சுன்னு சொல்லுங்க."

"சரியாயிடுச்சாம்."

"கேட்டுது. இறங்கி நிக்கச் சொல்லு. முழங்காலை விறைப்பா வெச்சு, அந்த ஒத்தக்கால்ல குதிகாலைத் தூக்கச் சொல்லு."

இறங்கித் தூக்கினான். அரை அங்குலம் எழுந்து பொத்தென்று விழுந்தது.

"வலிச்சுதா கேளு."

"தரை வழுக்குதுன்னு சொல்லுங்க," என்றான் இசோவா.

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "இப்ப முழங்காலை மடக்கிக்கிட்டு அதே மாதிரி தூக்கச் சொல்லு."

தூக்கினான். கொக்கு மாதிரி நின்றான்.

"தரை காஞ்சிருச்சு போல," என்றாள் உனாய்சி. பிறகு டாக்டரிடம் திரும்பி, "கெண்டைக்கால்ல ரெண்டு அடுக்குத் தசை. மேல் அடுக்கு முழங்காலுக்கு மேல தொடை எலும்புல தொடங்குது, ரெண்டு தலை. அடி அடுக்கு முழங்காலுக்குக் கீழதான் தொடங்குது. ரெண்டும் சேர்ந்து ஒரே நாணாகி குதிகால் எலும்புல ஒட்டுது. முழங்காலை மடக்குனா மேல் அடுக்கு தளர்ந்துடும், வேலையெல்லாம் அடி அடுக்குக்கு. மடக்குனா வலி இல்ல. அதனால நாண் சரியா இருக்கு, அடி அடுக்கு சரியா இருக்கு. கோளாறு மேல் அடுக்குல. ரெண்டு தலைல எதுன்னுதான் கை சொல்லணும்."

டாக்டர் ஏதோ குறித்துக்கொண்டார். எனக்கு நெஞ்செரிச்சல் தொண்டை வரை வந்தது. விரல் படாமலே முக்கால் கிணறு தாண்டிவிட்டாள்.

இசோவா மறுபடி படுத்தான்.

"கட்டைவிரலை முழங்கால் மடிப்புல வை. உள்பக்கத் தலையோட இறங்கு. மெதுவா. ஒரு சாண். சதை முடிஞ்சு நாண் தொடங்குற இடம் வரும். நில்லு. அழுத்து."

அழுத்தினேன். இருந்தது. இழை அறுந்த நெசவில் விரல் விழுமே, அப்படி விழுந்தது. மேலே உருண்டு திரண்ட தசை, கீழே நாண், நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குப் பள்ளம். கலப்படத்தை ஏழு வயதில் கண்டுபிடித்த விரல் அது, அதற்குத் தெரியாதா?

"என்ன இருக்கு?" என்றாள்.

அவள் கண் பாதத்தில். டாக்டர் கண் தாளில். உண்மை என் ஒருவன் விரலடியில் மட்டும் கிடந்தது. அங்காடியில் இப்படி ஒரு நிலைமை வாழ்க்கையில் ஒருமுறைதான் வாய்க்கும். ஒரே வியாபாரி, ஒரே சரக்கு.

"ஒண்ணுமில்ல," என்றேன். "வழவழன்னு இருக்கு. முழு சதை."

இசோவா தலையைத் திருப்பி, தங்கைக்குத் தெரியாமல், எனக்கு ஒரு கண்ணைச் சிமிட்டினான். நன்றியாம். இரண்டு வாரத்தில் விமானம், நான் அவனைக் காப்பாற்றிவிட்டேனாம். அந்தச் சிமிட்டலில்தான் எனக்கு உறைத்தது. இவன் இந்தக் காலோடு ஓடப் போகிறான். கட்டைவிரல் அகலம் உள்ளங்கை அகலமாகப் போகிறது. வாங்குகிறவனை ஏமாற்றுவதற்கும் ஒரு எல்லை உண்டு, கிழிகிற துணியைப் பாராசூட்டுக்கு விற்க மாட்டோம்.

"ஹஸ்முக்," என்றாள். மூன்று வருடத்தில் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ஒரு விரல்கடை வெளிப்பக்கம் தள்ளி வெச்சுப் பாரு."

தள்ளி வைத்தேன். "ஆமா," என்றேன் அவசரமாக. "இருக்கு. பள்ளம் இருக்கு. கட்டைவிரல் அகலம்."

இசோவா நெற்றியால் மேசையை முட்டினான்.

"உள்பக்கத் தலை, நாணோட சேருற இடத்துல கிழிசல்," என்றாள் உனாய்சி. "ஆறு வாரம் ஓடக் கூடாதுன்னு சொல்லு அவர்கிட்ட. ஓடினா தங்கச்சி வருத்தப்படுவான்னும் சொல்லு."

சொன்னேன். "சரின்னு சொல்லுங்க," என்றான் அவன்.

டாக்டர் இழுப்பறையிலிருந்து ஸ்கேன் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். "பத்தொன்பது. ஒரு மார்க் இரவல் கைக்காகக் குறைச்சேன். கை சுறுசுறுப்பா இல்ல."

மாலை உணவுக்கூடத்தில் அவளுக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். தேங்காய்ப்பால் ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தாள். தோற்றவன் போய் வாழ்த்துவது வியாபார தர்மம், அடுத்த கொள்முதலுக்கு உதவும்.

"வாழ்த்துக்கள், மராமா. ஜப்பான்ல மீனைப் பச்சையாத் திம்பாங்க, பார்த்துக்கோ."

"நாங்களும்தான் திங்குறோம். ஏன் ஹஸ்முக் ரெண்டு பொய் சொன்ன?"

"ரெண்டா?"

"முதல் தடவை உன் விரல் சரியான இடத்துலதான் இருந்துது. அழுத்தினப்போ அவர் கால்விரல் அஞ்சும் மடங்குச்சு. நீ ஒண்ணுமில்லன்ன. வெளிப்பக்கம் தள்ளச் சொன்னேன், அது மத்த தலை, அங்க ஒரு கோளாறும் இல்ல. கால்விரல் தூங்குது. நீ பள்ளம்ங்கற." ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டாள். "எல்லார் முன்னாடியும் பொய்னு சொன்னா உனக்கு அசிங்கம். அதான் இடத்தை மாத்திக் கொடுத்தேன். ஏதோ தடுமாறினாப்புல இருந்துட்டுப் போகட்டும்னு."

கேட்காமலே தள்ளுபடி கொடுத்திருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் நாலு தலைமுறையாக யாரும் யாருக்கும் அப்படிக் கொடுத்ததில்லை. நியாயமாக எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ பழைய நெஞ்செரிச்சல்தான், இரண்டு மடங்காக. எலும்பு, தசை, நாண் தீர்ந்து இப்போது பெருந்தன்மையிலும் இவள்தான் முதலா? என் கடையில் இருக்கிற சரக்கெல்லாம் தனக்குத் தெரியும் என்று உட்கார்ந்திருக்கிறாளே. பின்கட்டில் ஒரு உருப்படி இருக்கிறது, அது உனக்குத் தெரியாது.

"பலகைல எண்ணை மாத்தினதும் நான்தான்," என்றேன். "இசோவா எனக்கு வந்த ஆளு. உங்க முறை தெரிஞ்சுதான் உனக்கு மாத்தினேன்."

மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லவில்லை. ஜெயித்தவன் குரலில் சொன்னேன். அதை இன்றைக்கும் என்னால் மறைக்க முடியாது.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"பொய் உனக்கும் எனக்கும் நடுவுல," என்றாள். "அத நான் சிரிச்சுக்கிட்டு விட்டுருவேன். ஆனா எங்கண்ணனை அரைக்கால்சட்டையோட என் முன்னாடி படுக்க வெச்சு, அத்தனை பேர் பார்க்க என்னை நிக்க வெச்சியே. இனி எங்க வீட்டுக்கு வந்தா எங்கம்மாகிட்ட அவர் எப்படி முகம் கொடுத்துப் பேசுவாரு? அத யோசிச்சியா?"

"நான் உன்னைத்தான் நினைச்சேன். அவனை நினைக்கல."

"ஆமா," என்றாள். "தெரியுது."

பாதி ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அணி கிளம்பியது, அவளும் கிளம்பினாள். இசோவா கிளம்பவில்லை. வானொலியில் ஆட்டம் கேட்கும்போதெல்லாம், யாராவது அடிபட்டு ஆட்டம் நின்றால், இந்நேரம் அவள் மைதானத்துக்குள் ஓடிக்கொண்டிருப்பாள் என்று எனக்கு வயிறு பற்றும். பட்டியலைக் கசக்கிய கதையை டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். பருவம் முழுக்க எலும்புகளை எண்ணெய் போட்டுத் துடைக்கிற வேலை கொடுத்தார். இருநூற்றாறு எலும்பு, அதில் படகெலும்பு இரண்டு. இப்போது தூக்கத்தில் கேட்டாலும் இடது வலது சொல்வேன்.

மூன்று மாதம் கழித்து வெயிலில் கறுத்துத் திரும்பி வந்தாள். மற்றவர்களுக்கெல்லாம் ஜப்பான் மிட்டாய். எனக்கு மிட்டாயும் இல்லை, பேச்சும் இல்லை. எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு சுவரோரம் போவாள். குற்றமுள்ள நெஞ்சு, நானும் குனிந்துகொண்டு இந்தச் சுவரோரம் போவேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மூன்றாம் ஆளிடம் சொல்லி அனுப்புவாள். "எலும்புப் பை அவர்கிட்ட இருந்தா கொடுக்கச் சொல்லு." நானும், "மேசைல இருக்குன்னு சொல்லு."

அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த கூட்டத்தில் அவள் தீவுப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். இரண்டு வாரம் எங்களைக் கவனித்திருக்கிறாள். ஒருநாள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, உனாய்சி அக்கா உங்களுக்குத் தங்கச்சி முறையா?"

"இல்லம்மா," என்றேன். "அதுக்கு எனக்கு மார்க் பத்தல."